தேடினால் அகப்படும் தரவே திறந்த தரவு

மழைக் கணக்கும் மண்சரிவு வரைபடமும் குடிசன மதிப்பும் சம்பள வர்த்தமானியும் ஏற்கெனவே பொதுவில் உள்ளன. அவற்றைச் செயற்கை நுண்ணறிவு தானே தேடிக் கண்டடையுமாறு தமிழிலே அட்டவணைப்படுத்தி வைப்பது ஊவா மாகாணத்தின் முன் நிற்கும் உடனடிப் பணி.

மலைச்சரிவில் இருபத்து நான்கு மணி நேரத்துள் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மக்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும், அது 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும் என்றும், 150 மில்லிமீற்றரை எட்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ தாமதமின்றி இடம்பெயர வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரம்பு வகுத்திருக்கிறது. இந்த வரம்பு இரகசியமன்று. அபாய நிலங்களை வர்ணமிட்டுக் காட்டும் வரைபடங்களும், நாள்தோறும் அளக்கப்படும் மழையின் கணக்கும், எந்தப் பிரிவில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்னும் தொகைமதிப்பும் அவ்வாறே பொதுமக்களுக்கு உரியவை. ஆயினும் ஊவாவின் பதுளை மாவட்டத்திலே பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழும் ஒரு குடும்பம், "எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மலை எந்த வலயத்தில் இருக்கிறது, இன்றைய மழை எந்த வரம்பைத் தொட்டிருக்கிறது" என்று ஒரே மூச்சிற் கேட்டால், அந்த விடையின் கூறுகள் வெவ்வேறு ஸ்தாபனங்களில், வெவ்வேறு வடிவங்களில், பெரும்பாலும் வேறு மொழிகளிற் சிதறிக் கிடக்கின்றன.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, அவ்விடம் குடியிருக்கத் தக்கதன்று என்னும் எச்சரிக்கை 2005ஆம் ஆண்டிலேயே விடுக்கப்பட்டிருந்தது என்பதை நாடு அறிந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே தங்கியமைக்கு ஒரு முக்கிய காரணம், சென்று குடியேறுவதற்கு வேறு காணியும் வீடும் அவர்களுக்கு இல்லாமை. தரவு எத்துணைத் தெளிவாயிருப்பினும் அது ஒரு துண்டு நிலத்துக்கு ஈடாகாது. எனினும் அந்த நிலத்தைக் கேட்பதற்கும், கேட்டதை வற்புறுத்துவதற்கும், அதிகாரிகள் மறந்ததை ஞாபகமூட்டுவதற்கும் ஆதாரம் வேண்டும். ஆதாரம் ஓர் அலமாரியில் இருந்து, அதற்கு உரியவரின் கைக்கு எட்டாதிருக்குமாயின், அவரது கோரிக்கை வெறும் முறையீடாகவே நின்றுவிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டு, பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகளைப் பிளந்து சென்ற பின்னர், தரவை மக்களின் கைக்கு எட்டவைக்கும் இவ்விஷயத்தை இனியும் ஒத்திப்போட முடியாது.

இக்காலத்தில் இதற்கு ஒரு புதிய முகமும் சேர்ந்திருக்கிறது. அலுவலகத்துக்கு நடந்து சென்று கேட்பவர்களும், இணையத்திலே தாமே தேடுபவர்களும் இருந்த நிலை மாறி, கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலே கேட்டுவிட்டு அது சொல்வதை நம்பும் தலைமுறை தோட்டங்களிலும் வளர்ந்து வருகிறது. ஆகையால் அந்த யந்திரம் எங்கே தேடுகிறது, எதைக் கண்டடைகிறது, எதைக் காணாமலே விடை கூறுகிறது என்பவை மலையக மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் கேள்விகளாகிவிட்டன.

முகவர் என்னும் புதிய தேடுநர்

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி என்பது, ஒரு காலம் வரையில் எழுதப்பட்ட கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து சொற்களின் சேர்க்கையைக் கற்றுக்கொண்ட ஒரு சாதனம். அது கற்றுமுடித்த நாளுக்குப் பின்னர் பெய்த மழையை அது அறியாது. அது கற்ற பக்கங்களில் மிகச் சொற்பமாகவே இடம்பெற்ற லுணுகலையைப் பற்றியும் அதன் அறிவு சொற்பமே. இந்தக் குறையை நிவர்த்திக்க வந்தவையே 'முகவர்' என இப்போது வழங்கும் அமைப்புகள். ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டு, அதனைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வேண்டிய கருவியை அழைத்து, கிடைத்த பலனைப் பரிசீலித்து, அடுத்த படிக்குச் செல்லும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. மழைக் கணக்கைக் கேட்கும் கருவி, வரைபடத்தில் ஓர் இடத்தைப் பார்க்கும் கருவி, தரவுத் தொகுதிகளின் அட்டவணையைத் தேடும் கருவி ஆகியவற்றை அதன் முன் வைத்தால், அது ஊகிப்பதை விடுத்துத் தேடத் தொடங்குகிறது.

கருவி இல்லாதபோது நேர்வது யாது? பதுளை மாவட்டத் தோட்டங்களில் மழை மிகுந்த காலம் எது என்று கேட்டால், இலங்கை மலைநாட்டைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்டவற்றைத் திரட்டி, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நடுவாண்டு மாதங்களை அது சுட்டிவிடக்கூடும். மேற்குச் சரிவுகளுக்கு அது பொருந்தும், ஊவாவுக்குப் பொருந்தாது. மேற்குச் சரிவிலே நீரைக் கொட்டிவிட்டு மலைமுகட்டைக் கடந்து வரும் காற்று ஊவாவை அடையும்போது வறண்ட கச்சான் காற்றாக மாறிவிடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் விசேஷ வாசனையைக் கொடுக்கிறது. பதுளையின் பெருமழையோ ஆண்டின் கடைசி மாதங்களில், வடகீழ்ப் பருவக்காற்றோடும் அதற்கு முந்திய இடைக்காலத்தோடும் வருவது. மீரியபெத்தை சரிந்தது ஒக்டோபரில், டித்வா வந்தது நவம்பரில். நாட்டின் சராசரியைக் கொண்டு ஊவாவுக்கு விடை சொல்லும் யந்திரம், அபாய காலத்தை அபாயமற்ற காலமென்று காட்டிவிடும். உரிய தரவு உரிய இடத்தில் அகப்படுவது ஓர் அலங்காரம் அன்று என்பதற்கு இந்த ஓர் உதாரணமே போதும்.

ஊவா எழுதி வைத்த கணக்குகள்

தரவு இல்லாத பிரதேசம் என்று ஊவாவை எவரும் சொல்ல இயலாது. அந்நியர் தோட்டம் போட்ட காலந்தொட்டு, இலங்கையில் மிகவும் நுணுக்கமாகக் கணக்கெழுதப்பட்ட மண்களுள் இது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெர்குசன் குடும்பத்தார் கொழும்பிலிருந்து பிரசுரித்துவந்த இலங்கை டைரக்டரி, ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் ஏக்கர் கணக்கையும் உரிமையாளரையும் மேற்பார்வை செய்யும் துரையையும் வரிசைப்படுத்தித் தந்தது. லண்டனில் இருந்த ஒருவர் பதுளையைக் கண்ணாற் காணாமலே அங்குள்ள தோட்டத்தைத் தேடிக் கண்டடைய அது உதவிற்று. 1871இல் நாட்டின் முதலாவது நவீன குடிசன மதிப்பு நடந்தது. 1883 ஜூலையில் கொழும்பிலே தேயிலையின் பொது ஏலம் ஆரம்பமாயிற்று. அன்று தொடங்கிய விலைப்பதிவு இன்றும் தொடர்கிறது. 1886இல் ஊவா தனி மாகாணமாக உருவாயிற்று. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 'இந்தியத் தமிழர்' என்று ஒரு தனி வகுப்பை ஏற்படுத்தியது.

தோட்டத்தினுள்ளே நாள்தோறும் ஒரு கணக்கு நடந்தது. விடியற்காலையிற் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, மாலையிற் கொழுந்து நிறுத்து, எவருக்கு முழுப் பேர் (முழுநாட் கூலி), எவருக்கு அரைப் பேர் (அரைநாட் கூலி) என்று கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் பெயரில் எழுதிய பதிவேடு, தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு தொழிலாளியின் உழைப்பையும் பதிந்து வந்திருக்கிறது. ஆயினும் அந்த ஏடு தொழிலாளி படிப்பதற்காக எழுதப்பட்டதன்று. டைரக்டரி முதலாளிக்கு, குடிசன மதிப்பு அரசாங்கத்துக்கு, செக்ரோல் நிர்வாகத்துக்கு என்று அமைந்த ஒழுங்கிலே, எண்ணப்பட்ட மக்கள் அந்த எண்ணிக்கையைத் தாமே புரட்டிப் பார்க்கும் வழி எங்கும் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கியபோதும், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இலக்கங்களாகப் பங்கிட்டபோதும், வம்சாவளியையும் வசித்த காலத்தையும் நிரூபிக்கும் பத்திரங்களைத் தேடி அலைந்தவர்கள் இம்மக்களே. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை அளித்த சட்டம் 2003இலேதான் வந்தது. பதிவேடு ஒரு மனிதனின் விதியை நிர்ணயிக்கக்கூடும் என்பதை மலையகத்தைவிட நன்கறிந்த சமூகம் இத்தீவில் வேறில்லை.

பிற்காலத்தில் அறிவுச் செல்வம் மேலும் பெருகிற்று. 1990களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியபோது, அதற்கு முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பசறையில் ஒரு பிராந்திய நிலையம் உண்டு. பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் மலையகத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாங்கத்தின் கணக்கைக் கேட்டுப் பெறுவதை ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமையாக்கியது. அரசாங்கத்துக்கென ஒரு திறந்த தரவு இணையத்தளமும் உண்டு. இத்தனையும் இருந்தும், பதுளையைப் பற்றிய ஒரு கேள்விக்கு இவற்றுள் எதை நாடவேண்டும் என்று ஒரு முகவருக்கு வழிகாட்டும் பொது அட்டவணை இல்லாமையே நம் காலத்துக் குறை.

தேடலைத் தடுப்பவை

முதலாவது தடை எழுத்துருவைச் சார்ந்தது. இலங்கையிலே பல்லாண்டுகளாகத் தமிழ் ஆவணங்கள் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சாகி, பீடிஎஃப் கோப்புகளாக வெளியிடப்பட்டன. கண்ணுக்கு அவை தமிழ்; கணினிக்கோ ரோமன் எழுத்துகள். பாமினியில் அடிக்கப்பட்ட 'பதுளை' என்னும் ஊர்ப்பெயர் கோப்பினுள்ளே ஜி, ஜே, ஐ, எஸ் என்னும் நான்கு ரோமன் எழுத்துகளாகவே கிடக்கிறது. ஒருங்குறியில் 'பதுளை' என்று தேடும் முகவர் அந்த ஆவணத்தை நூறு முறை கடந்து சென்றாலும் அதை அடையாளம் காணாது. வருடிப் படமாக ஏற்றப்பட்ட பழைய அறிக்கைகளின் நிலை இதனினும் மோசம். அவற்றில் எழுத்தே இல்லை, எழுத்தின் நிழற்படம் மட்டுமே உண்டு.

இரண்டாவது தடை பெயர்கள். ஒரே ஊர் தமிழிலே அப்புத்தளை என்றும் ஹப்புத்தளை என்றும் எழுதப்படுகிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதற்கு வேறு வடிவங்கள். தோட்டங்களின் நிலை இன்னும் சிக்கலானது: பதிவிலுள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப்பெயர் மற்றொன்று, அதன் கீழே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று டிவிசன்கள். அரசாங்க நிர்வாகமோ பதுளை மாவட்டத்தை 15 பிரதேச செயலகப் பிரிவுகளாகவும் 567 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளாகவும் பிரித்து நோக்குகிறது. தோட்டத்தின் எல்லையும் கிராம உத்தியோகத்தரின் எல்லையும் ஒன்றாக அமையவேண்டும் என்ற விதி கிடையாது. ஆகவே லயத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, பிரிவின் இலக்கத்தால் அடுக்கப்பட்ட தரவிலிருந்து விடை எடுப்பதற்கு இடையில் ஒரு பெயர்ப் பட்டியல் அவசியமாகிறது.

மூன்றாவது தடை வரைவிலக்கணம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு, 'தோட்டத் துறை'யில் வாழ்வோர் 901,647 பேர் என்றும், 'இந்தியத் தமிழர்' 839,504 பேர் என்றும் கூறுகிறது. இவ்விரண்டு இலக்கங்களும் ஒரே கூட்டத்தைக் குறிப்பன அல்ல. தோட்டத் துறை என்பது 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாத தொகையும் உள்ள பெருந்தோட்டங்களைக் குறிக்கும் வசிப்பிட வகுப்பு. மற்றையது ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்ன இன அடையாளம். தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்தோர் முன்னதில் இரார். மலையகத்தாராயிருந்தும் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோர் பின்னதில் இரார். விளக்கக் குறிப்பின்றி இவ்விலக்கங்களைக் காணும் முகவர் ஒன்றை மற்றதன் இடத்திலே வைத்துவிடும். அந்தத் தவறான தொகையைக் கொண்டு பாடசாலையும் வைத்தியசாலையும் திட்டமிடப்பட்டால் நஷ்டம் மக்களுக்கே.

நான்காவது தடை காலம். தோட்டத் தொழிலாளியின் சட்டபூர்வமான நாட்சம்பளம் எவ்வளவு என்பது இவ்வூர்களில் அடிக்கடி எழும் கேள்வி. 2021இல் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தது. 2024 மே மாதத்திலே 1,700 ரூபாய் என்று ஓர் அறிவிப்பு வந்து, நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயமாயிற்று. 2025 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம், அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று முன்மொழிந்தது. இந்நான்கு தொகைகளும் இணையத்திலே அருகருகே கிடக்கின்றன. எது அறிவிப்பு, எது தடைப்பட்டது, எது நடைமுறை, எது முன்மொழிவு, எந்தத் திகதி முதல் என்று ஒவ்வோர் ஆவணத்தோடும் தெளிவாக எழுதப்படாத வரையில், யந்திரம் மிகுதியாகப் பேசப்பட்ட தொகையை எடுத்துச் சொல்லும். அது உரிய தொகையாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

உலகம் கண்டறிந்த வழிகள்

இத்தடைகள் ஊவாவுக்கு மாத்திரம் உரியவையல்ல. ஆகவே அவற்றைக் கடக்கும் உபாயங்களும் பல தேசங்களிற் பரீட்சிக்கப்பட்டுள்ளன. 2006 முதல் உருவாகி வந்த சீக்கான் என்னும் திறந்த மென்பொருள், தரவுத் தொகுதிகளை அட்டவணைப்படுத்துவதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு தொகுதியின் பெயர், வெளியிட்டவர், திகதி, உரிமம், வடிவம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, மனிதர் படிக்கும் பக்கத்தோடு, கணினி நேரே கேட்டறியும் வாயிலையும் அது திறந்து வைக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மனிதாபிமான விவகாரங்களுக்கான அலுவலகம் 2014இலே தொடங்கிய மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளம் அம்மென்பொருளின் மீதே எழுந்தது. இலங்கையின் நிர்வாக எல்லைகள் அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய நிலையான குறியீட்டோடு கிடைக்கின்றன. ஊர்ப்பெயர் எம்மொழியில் எவ்வாறு எழுதப்பட்டாலும் குறியீடு மாறாது என்பதால், பெயர்த் தடைக்கு அது நேரான மருந்து.

2016இல் விஞ்ஞானிகள் பலர் கூடி, தரவு என்பது கண்டடையத் தக்கதாயும், அணுகத் தக்கதாயும், ஏனையவற்றோடு இணைக்கத் தக்கதாயும், மீண்டும் பயன்படுத்தத் தக்கதாயும் இருக்கவேண்டும் என்னும் கோட்பாடுகளைப் பிரசுரித்தனர். அவ்வரிசையிலே கண்டடைதல் முதலில் நிற்பது தற்செயலன்று. அது தவறினால் ஏனைய மூன்றும் வீண். 2018இலே கூகுள் நிறுவனம் தரவுத் தொகுதிகளுக்கென ஒரு தனித் தேடுபொறியைத் திறந்தது. தரவை வெளியிடுவோர் தம் பக்கத்திலே நியமமான முறையில் விவரக்குறிப்பு எழுதியிருந்தால் மட்டுமே அப்பொறி அதனைக் காணும். எழுதாதோரின் உழைப்பு உலகத்தின் பார்வைக்கு வராது போயிற்று.

முகவர்களின் காலம் வந்தபின், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. ஒரு தரவுக் களஞ்சியம் தன்னிடம் உள்ள கருவிகள் இவை, ஒவ்வொன்றும் எதற்கு உதவும், அதனிடம் எவ்வாறு கேட்கவேண்டும் என்று ஒரே முறையில் எடுத்துரைத்தால், அந்த நெறிமுறையை அறிந்த எந்த முகவரும் அதனோடு பேசலாம் என்பதே அதன் சாராம்சம். 2025 செப்டெம்பரில் கூகுளின் டேட்டா காமன்ஸ் களஞ்சியம் இந்நெறிமுறையின் வழியே தன் புள்ளிவிபரங்களை முகவர்களுக்குத் திறந்து வைத்தது.

இதிலே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. ஆயிரம் தரவுத் தொகுதிகளை ஆயிரம் கருவிகளாக முகவரின் முன் கொட்டினால் அது தடுமாறும். எதை எடுப்பது என்று தீர்மானிப்பதிலேயே அதன் கவனம் சிதறிவிடும். ஆதலால் அனுபவசாலிகள் முதலில் ஒரே ஒரு தேடற் கருவியை வைக்கின்றனர். முகவர் தன் தேவையைச் சாதாரண வாக்கியமாகச் சொல்ல, அக்கருவி அட்டவணையைத் துருவி, பொருத்தமான ஐந்தாறு தொகுதிகளை விவரத்தோடு நீட்டுகிறது. பின்னரே முகவர் அவற்றுள் ஒன்றைத் திறக்கிறது. தேடல் இங்கே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதாக மட்டும் இராமல் பொருளையும் ஒப்பிடுகிறது. இலங்கை அரசாங்கம் 'மழைவீழ்ச்சி' என்றும் 'மண்சரிவு' என்றும் எழுதுவதைத் தமிழ்நாட்டார் 'மழைப்பொழிவு' என்றும் 'நிலச்சரிவு' என்றும் சொல்வர். தோட்டத்து மக்கள் 'மலை இறங்கிற்று' என்பர். இவை யாவும் ஒரே தொகுதிக்கு வழிகாட்ட வேண்டுமாயின், அத்தொகுதியின் விவரக்குறிப்பு நல்ல தமிழிலே, இச்சொற்களையெல்லாம் அறிந்த ஒருவரால் எழுதப்பட்டிருக்க வேண்டும். யந்திரத்தின் திறமை எவ்வளவு வளர்ந்தாலும், எழுதப்படாத விவரத்தை அது தேடிக் காணாது.

பசறையிலிருந்து ஒரு கேள்வி

இத்தகைய கருவி ஊவாவில் இருந்தால் காரியம் எவ்வாறு நடக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போம். பசறைப் பிரதேசத் தோட்டமொன்றின் பாடசாலை ஆசிரியை, தோட்டத்தின் தமிழ்ப்பெயரைக் கூறி, அங்குள்ள லயங்களின் மண்சரிவு நிலையைக் கேட்கிறார். முகவர் முதலிலே பெயர்ப் பட்டியலைத் தேடி, அந்தத் தமிழ்ப்பெயருக்கு உரிய பதிவுப் பெயரையும், அது பரவியிருக்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் குறியீடுகளையும் பெறுகிறது. அடுத்து அட்டவணையிலே 'மண்சரிவு அபாய வலயம்' என்று தேடி, 1:50,000 அளவிலும் 1:10,000 அளவிலும் வரையப்பட்ட வரைபடங்களைக் கண்டு, அவ்விடத்துக்கு நுணுக்கமான அளவு கிடைக்குமா என்று பார்க்கிறது. மூன்றாவதாக அருகிலுள்ள மழைமானியின் கணக்கை நாடுகிறது.

மழைமானி தொலைவில் இருந்தால் வானிலிருந்து அளந்த தரவு துணைக்கு வருகிறது. 1981 முதலான மழையைச் சுமார் ஐந்து கிலோமீற்றர்ச் சதுரங்களாகக் கணிக்கும் சேர்ப்ஸ் தொகுதியும், 2008இல் அமெரிக்க அரசாங்கம் எடுத்த தீர்மானத்தால் இலவசமாகிய லேண்ட்சாட் செய்மதிப் படங்களும், மேகத்தை ஊடுருவிக் காணும் சென்டினல்-1 ராடார்ப் படங்களும் உலகில் எவரும் எடுத்தாளக் கூடியவை. பதுளையின் ஒவ்வொரு மலையும் அவற்றிலே பதிவாகியிருக்கிறது. ஆயினும் ஐந்து கிலோமீற்றர்ச் சதுரத்தின் சராசரி ஒரு தனிச் சரிவின் மழையன்று என்னும் எல்லையும் அந்தத் தொகுதியின் விவரக்குறிப்பிலே எழுதப்பட்டிருக்க வேண்டும். முகவர் அதனைப் படித்து, ஆசிரியைக்கும் சொல்லவேண்டும்.

இறுதியில் வரும் விடை எத்தன்மையதாக இருக்கவேண்டும்? வலயம் இன்னது, வரைபடம் இந்த ஆண்டினது, மழை இந்த நேரம் வரை இவ்வளவு, வரம்பு இவ்வளவு, இவற்றை வெளியிட்டோர் இன்னார் என்று ஆதாரத்தோடு அமைந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் உத்தியோகபூர்வமான எச்சரிக்கையே முடிவானது என்றும் கூறவேண்டும். அந்தச் சரிவுக்கு நுணுக்கமான வரைபடம் இல்லையெனில், இல்லை என்றே சொல்லவேண்டும். தேடற் கருவி வெறுங்கையோடு திரும்பும்போது அந்த வெறுமையையும் ஒரு செய்தியாக முகவருக்கு அறிவிக்கும்படி அதனை அமைப்பது மிகவும் முக்கியம். எந்தத் தோட்டங்களுக்குத் தரவு இல்லை என்னும் பட்டியல், அடுத்த அளவைப் பணி எங்கே தொடங்கவேண்டும் என்பதற்கு அத்தாட்சியாகிவிடும்.

திறக்கத் தக்கதும் தகாததும்

திறந்த தரவு என்றவுடன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடலாம் என்று கருதலாகாது. செக்ரோலில் ஒரு பெண் எத்தனை நாள் வேலைக்கு வந்தாள், எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள், எவ்வளவு முற்பணம் வாங்கினாள் என்பன அவளுடைய சொந்த விஷயங்கள். தோட்ட வைத்தியசாலையின் நோயாளர் பதிவும் அவ்வாறே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களுக்கு அரண் செய்வதற்கென இயற்றப்பட்டது. தனிமனிதரை இனங்காட்டாத தொகுப்புகள், அதாவது ஒரு டிவிசனின் வீடுகளின் நிலை, குடிநீர் வசதி, பாடசாலைக்கு உள்ள தூரம், சாலையின் நிலை, அபாய வலயம், மழை, சட்டபூர்வமான சம்பளம் போன்றவை பொதுவுக்கு உரியவை. சிறிய லயத்திலே பத்துக் குடும்பங்களே இருப்பின், தொகுப்பே தனிமனிதரைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் அட்டவணை எழுதுவோர் எண்ணவேண்டும். அளப்போரும் ஆள்வோரும் தொழிலாளியின் வாழ்வை நுணுகி நோக்கிய காலம் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நீண்டது. தொழிலாளி அரசாங்கத்தின் கணக்கையும் நிர்வாகத்தின் கடமையையும் நோக்குவதற்கே இனித் திறக்கும் கதவு பயன்படவேண்டும்.

செய்யவேண்டியவை

இப்பணிக்கு மாபெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; நிலையான கவனம் வேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. ஆகையால் அங்கே வெளியாகும் ஒவ்வொரு தரவுக்கும் தமிழிலே விவரக்குறிப்பு எழுதுவது சலுகையன்று, ஏற்கெனவே உள்ள கடமையின் இயல்பான நீட்சி. இன்று முதல் வெளியாகும் அறிக்கைகள் ஒருங்குறியிலே அமைந்து, அட்டவணைகள் பீடிஎஃப் கோப்போடு கணினி வாசிக்கும் வடிவிலும் வெளியிடப்பட வேண்டும். பாமினியில் உள்ள பழையவற்றை மாற்றும் மென்பொருள்கள் நெடுங்காலமாகவே உள்ளன. அவற்றை ஓட்டி, பிழை திருத்தி, மீண்டும் ஏற்றவேண்டும்.

பல்கலைக்கழகத்தின் மாணவரும் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியரும் தொழிற்சங்கங்களும் கூடித் தோட்டங்களின் பதிவுப் பெயர், தமிழ்ப்பெயர், டிவிசன்கள், உரிய நிர்வாகப் பிரிவின் குறியீடு ஆகியவற்றை ஒரே பட்டியலாக்கினால், அது ஒன்றே நூறு தரவுத் தொகுதிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். அந்தப் பெயர்கள் முதியோரின் நினைவிலே இருக்கின்றன. லயங்கள் காலியாகி, இளையோர் கொழும்புக்குப் பெயர்ந்து செல்லும் இந்நாளில் அவற்றை எழுதிவைக்கும் அவகாசம் குறுகிக்கொண்டே வருகிறது. மாகாண நிர்வாகம் ஊவாவுக்கென ஒரு தேடும் அட்டவணையை அமைத்து, அதனை மனிதருக்கு ஒரு பக்கமாகவும் முகவர்களுக்கு ஒரு கருவியாகவும் திறந்துவைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் பொறுப்பான அலுவலர் பதவியையும் கடைசியாகச் சரிபார்த்த திகதியையும் குறிக்கவேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகளும் தம் வசமுள்ள நில வரைபடம், வீட்டு நிலை ஆகியவற்றின் தொகுப்புகளை அதிலே சேர்க்கக் கடமைப்பட்டவை; அவை குத்தகைக்கு வைத்திருக்கும் மண்ணிற் பெரும்பகுதி பொதுமக்களின் மண்.

செயற்கை நுண்ணறிவு எங்கோ தூரதேசத்து நகரங்களின் காரியம் என்று மலையகம் ஒதுங்கியிருந்தால், மலையகத்தைப் பற்றிய கேள்விகளுக்கு அது கொழும்பின் சராசரியையும் நுவரெலியாவின் மழையையும் கொண்டே விடை கூறிக்கொண்டிருக்கும். அவ்விடையைக் கேட்டு ஓர் அதிகாரி திட்டம் தீட்டுவார். ஒரு தாய் பிள்ளைகளோடு லயத்தில் தங்குவதா, வெளியேறுவதா என்று தீர்மானிப்பாள். வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் வரும். அடுத்த ஒக்டோபருக்கு முன்னர், பதுளை மாவட்டத்து அபாய வரைபடங்களும் மழை வரம்புகளும் தோட்டப் பெயர்களும் தமிழ் விவரக்குறிப்போடு ஓர் அட்டவணையில் ஏறிவிட வேண்டும். அது மாகாண நிர்வாகமும் திணைக்களங்களும் பல்கலைக்கழகமும் இவ்வாண்டிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை. செய்யுமாறு கேட்பது இம்மண்ணிலே வாழும் ஒவ்வொரு பிரஜையின் உரிமை.